குளிர்த்தியில் கேட்ட கேள்வி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் உளைவு மட்டும் விட்டபாடில்லை. பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்தது; உனக்கென்று புது அரிசி ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறான் கட்டையன், யார் கொண்டுவருவார்கள் என்று தெரியாமலே.

போன ஞாயிறு நீ கத்திவிட்டு போனை வைத்த பிறகு நான் திரும்ப எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். கடிதமென்றால் நீ குறுக்கே பேச ஏலாது, கடைசி வரைக்கும் வாசித்தே ஆக வேண்டும்.

உன் மகள் மெய்யியலை மேஜராக, அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடமாக, எடுக்கப்போகிறாள் என்பது எனக்கு ஒரு மாதத்துக்கு முந்தியே தெரியும். “மாமா, அப்பாட்ட இப்ப சொல்லாதீங்க” என்றாள். மறைத்தது பிழைதான். கோபிப்பதென்றால் என்னில் கோபி, பிள்ளையை விடு.

“டொக்டராகப் போனவள் கதை அளக்கப் போறாள்” என்றாயே, நீ இன்னும் நம்மட ஏ.எல். கணக்கிலேயே நிற்கிறாய். ஓ.எல். முடிய, பதினாறு வயதில், பயோ, மெட்ஸ், கொமர்ஸ், ஆர்ட்ஸ் என்று வெட்டிப் பிரித்துவிட்டுப் பிறகு திரும்ப விடாத இடம் இது. அமெரிக்காவில் மருத்துவம் முதல் பட்டம் முடித்த பிறகுதான். அந்தப் பட்டம் எதில் எடுத்தாலும் சரி, உயிரியல், இரசாயனம், பௌதிகம் என்று அவர்கள் கேட்கிற பாடங்களை முடித்து, எம்கெட் என்கிற மருத்துவக் கல்லூரி நுழைவுச் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தால் விண்ணப்பிக்கலாம். அந்தச் சோதனையின் நாலு பகுதிகளில் ஒன்று முழுக்க முழுக்க மெய்யியல், இலக்கியம், சமூகவியல் பந்திகளை வாசித்து வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது. அவள் படிக்கிற மாதிரிச் சின்னக் கல்லூரிகளில் நாலு வருசத்தில் எடுக்கிற பாடங்களில் மேஜர் அண்ணளவாக மூன்றில் ஒரு பங்குதான். சேதன இரசாயனமும் எடுத்திருக்கிறாள், உனக்குச் சொன்னாளா? கதவு ஒன்றும் மூடவில்லை. நம்மட காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் எடுத்தவர், அந்த விஞ்ஞானம் அவரை வேதாந்தத்துக்கும் விட்டது, யாழைக் கணக்குப் போட்டு ஆராயவும் விட்டது.

நான் முப்பது வருசம் அளவையியல், அதுதான் லொஜிக், படிப்பித்தவன். தாடி மாஸ்டர் நமக்குப் படிப்பித்த மாதிரிப் படிப்பிக்கத்தான் எனக்கும் ஆசை. வருகிற பிள்ளைகளுக்கு வேண்டியது பாஸ்ட் பேப்பர். போன கிழமை விறாந்தையில் போர்ட்டில் எழுதினேன்: மழை பெய்தால் முற்றம் நனையும்; முற்றம் நனைந்திருக்கிறது; ஆகவே மழை பெய்தது. பின்வரிசையில் ஒரு பெட்டை, “சேர், பைப் உடைஞ்சிருந்தா?” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குள் முன்வரிசையில் ஒருத்தன், “இது சோதினைக்கு வருமா சேர்?” என்று கேட்டான். வகுப்பு முழுக்க அவன் பக்கம் போய்விட்டது. உன் மகளோ ஒரு மேசையைச் சுற்றி பதினாலு பேரோடு இருந்து, பிளேட்டோவின் சின்ன உரையாடல் ஒன்றை மூன்று கிழமையாகப் பிரித்துப் பிரித்துக் கேட்கிறாள். அந்த உரையாடலில் யூதிப்ரோ என்பவன் பெற்ற தகப்பன் மேலேயே கொலை வழக்குப் போட வந்திருக்கிறான். உன்னை அவள் இன்னும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை மச்சான், சந்தோசப்படு.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். அவளுக்குப் பத்து வயதில் நீங்கள் எல்லோரும் வந்து நின்ற வைகாசி ஞாபகமிருக்கா? உங்கட கண்ணகி அம்மன் கோயிலில், அம்மனின் கோபத்தைத் தணிக்கிற குளிர்த்திச் சடங்கு. பூசை செய்கிற கப்புகனார் வேப்பிலையால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க, அவள் என் சாரத்தைப் பிடித்து இழுத்து, “மாமா, அம்மன்ட கோவம் சரியெண்டா ஏன் குளிர வைக்கிறம்? பிழையெண்டா ஏன் கும்பிடுறம்?” என்று கேட்டாள். அப்போதும் எனக்கு மறுமொழி இல்லை, இப்போதும் இல்லை. கண்ணகி பாண்டியனிடம் வழக்காடிய கதையை வழக்குரை என்று பேர் வைத்துக் கோயிலுக்குள்ளேயே பாடுகிற நாம் அந்த வழக்கை ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

அதைத்தான் அவள் இப்போது படிக்கப்போகிறாள். கோபப்பட வேண்டிய விசயத்தில், வேண்டிய ஆளோடு, வேண்டிய அளவுக்குக் கோபப்படுகிறவனை அரிஸ்டோட்டில் பாராட்டுகிறார். கோபம் எதற்கும் உதவாது, வேரோடு பிடுங்கு என்கிறார் செனெக்கா. உரோமச் சக்கரவர்த்தி நீரோவுக்கே படிப்பித்து, கடைசியில் கி.பி. 65இல் அந்த நீரோவின் கட்டளையால் உயிரை விட்ட மனுசன். இருவருக்கும் நடுவில் நம்மட அம்மனைக் கொண்டுபோய் வைத்து, கடைசி வருசத்து நீண்ட கட்டுரையை எழுத நினைக்கிறாள். அமெரிக்கா போய்க் கெட்டுப்போனாள் என்கிறாய். இந்தக் கேள்வியை அவள் எங்கே பொறுக்கினாள் என்று நினைக்கிறாய்?

போனை வைக்க முந்தி ஒன்று கேட்டாள். “ஆவணி வந்தா அப்பா கதைக்கமாட்டார். அவருக்கு யாரில கோவம் மாமா?”

1990. அண்ணனைத் தேடி ஒரு சைக்கிளில் வாசல் வாசலாக அலைந்தோமே, நீ மிதிக்க, நான் பாரில். கல்லடிப் பாலத்தில் நீ இறங்கி நின்று வாவியைப் பார்த்தபடி ஒரு சொல் சொன்னாய். அதை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

மேஜர் படிவம் இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டுமாம். அதற்கு முந்தி ஒருக்கா எடுத்துக் கதை. படிப்பைப் பற்றிக் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

தாடி மாஸ்டரின் அளவையியல் கொப்பி அவர் மகனிடம் இருந்தது. வாங்கி அவளுக்குப் போட்டோகொப்பி அடித்து வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தும் ஓரத்தில் இரண்டு இடத்தில் கிடக்கிறது. வைகாசியில் அவளுக்கு லீவு. டிக்கட் போட்டால் சொல்லு, ஸ்டேசனுக்கு நானும் கட்டையனும் வருவோம்.

அன்புடன்,
உன் மச்சான்