மதிப்பெண் கிடக்கட்டும், விடைத்தாளைப் பார்

அன்புள்ள செல்வம்,

நலம். நீ அனுப்பிய, உன் மகனின் பத்தாம் வகுப்புக் காலாண்டுக் கணக்கு விடைத்தாளைப் படத்தில் பார்த்தேன். மற்ற பாடங்களில் எண்பதைத் தாண்டுகிறவன் கணக்கில் மட்டும் 41 என்றால் மூளையைக் குறை சொல்லாதே.

இருபடிச் சமன்பாட்டைப் பார். சூத்திரம் சரியாகவே எழுதியிருக்கிறான். மூலக்குறிக்குள் 49-உடன் 32-ஐக் கூட்ட வேண்டும். சமன்பாட்டின் கடைசி எண் மைனஸ் 4 ஆச்சே, மைனஸும் மைனஸும் பெருகினால் பிளஸ். கூட்டினால் 81, அதன் வர்க்கமூலம் 9, விடை சுலபமாக விழும். இவன் கழித்து 17 ஆக்கி, வர்க்கமூலம் வராமல் மூன்று முறை அடித்திருக்கிறான். வரைபடத்திலும் இதே கோளாறுதான். x மைனஸ் 3 ஆகும்போது y 14 வரவேண்டிய இடத்தில் மைனஸ் 4 போட்டு, வளைவை வளைத்து ஒட்டியிருக்கிறான். 8 மதிப்பெண் கேள்வி அது. ஆக, ஓட்டை ஏழாம் வகுப்பில் படித்த பிளஸ், மைனஸ் குறிகளில் இருக்கிறது. நீ பத்தாம் வகுப்புக்கு டியூஷன் கட்டுகிறாய்.

டியூஷனைப் பற்றி ஒன்று. அங்கே சார் பலகையில் போடுகிறார், பையன் எழுதிக்கொள்கிறான், புரிந்துவிட்டதாக நினைக்கிறான். தனியாக வெற்றுத்தாளில் போட்டுப் பார்க்க நேரமே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் டியூஷனைக் குறை. தினமும் 40 நிமிடம், கைடு மூடியிருக்கட்டும். தப்பான கணக்கை அன்றைக்குத் திருத்தினால் போதாது. இரண்டு நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை மறுபடி போடச் சொல். நடுநடுவே வேறு வகைக் கணக்குகளையும் கலந்து கொடு, எந்த முறை என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

இனி உன் பங்கு. "எங்க பரம்பரைக்கே கணக்கு வராது" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறாயே, அதை நிறுத்து. 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளைப் பற்றியது. கணக்கென்றால் பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில் பிள்ளைகள் கற்றது குறைவு, பயம் அதிகம். அதே பதற்றமுள்ள பெற்றோர் அதிகம் உதவாதபோது அந்தப் பாதிப்பு தெரியவில்லை. சின்னதுகளுக்கே அப்படி; பதினைந்து வயதுப் பையன் உன் முகத்தைப் படிக்க மாட்டானா? பயம் வந்தால், 49-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த குறியைக் கவனிக்கும் இடம் அந்தப் பயத்துக்கே போய்விடும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காதே. "எந்த வரியில் தப்பு, நீயே காட்டு" என்று மட்டும் கேள். அக்கா வாங்கிய 97-ஐ அவன் முன்னால் எடுக்காதே.

சின்ன மகளும் ஒன்பதாவது அல்லவா? மாலையில் பாத்திரமும் தண்ணீரும் அவள் தலையில், அண்ணனுக்கு மேசையும் மின்விசிறியும் என்றால், அவள் கணக்கு எப்போது போடுவாள்? ஆண் பெண் பேதமில்லாமல் வேலையைப் பிரி.

முதல் பதினைந்து நாள் முழு எண்கள், பின்னங்கள் மட்டும் போதும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடவேண்டாம். பள்ளியில் நடப்பது நடக்கட்டும். அரையாண்டு விடைத்தாளையும் அனுப்பு, அடித்த வரிகள் தெரிகிறமாதிரி படம் எடு.

அன்புடன்,
உன் ராமு