இசைத்தட்டு ரசிகர் சங்க ஆண்டறிக்கை: ஊசி மாற்றும் பணி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர்கள் ஆண்டு முழுக்கக் கேட்டது ஊசியைப் பற்றித்தான் என்பதால் இந்த அறிக்கையில் பெரும்பங்கு அதற்கே.

"இந்தப் பிளேயருக்கு ஊசி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டு வருகிறார்கள். பிளேயரின் பெயரைச் சொல்லி ஊசி வாங்கக் கூடாது. பிளேயரை முன்பு வைத்திருந்தவர், ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்னாக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்றியிருக்கலாம். டார்ச் அடித்து, கார்ட்ரிட்ஜின் மேலோ பக்கவாட்டிலோ உள்ள எண்ணைப் படியுங்கள். ஊசி அந்த எண்ணுக்குத்தான். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை விட்டுவிட்டாலும், அதன் எம்44-7 கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜப்பானின் ஜிகோ நிறுவனம் அதற்கு ஊசி செய்கிறது. 1873இல் தையல் ஊசி செய்யத் தொடங்கிய நிறுவனம் அது.

ஊசி வாங்குமுன் கார்ட்ரிட்ஜ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ரோஷல் உப்பு என்னும் படிகம். ஈரக்காற்றும் வெயிலும் அதற்கு எமன். புது ஊசி போட்டும் சத்தம் மெலிந்து, அடியில் அமுங்கினாற்போல் கேட்டால் கிரிஸ்டல் போய்விட்டது என்றே கொள்ளலாம். செராமிக் வகை ஈரத்தைத் தாங்கும். ஆனால் ஊசித் தண்டைப் பிடித்திருக்கும் சின்ன ரப்பர் கவை கல்லாக இறுகிப்போகும். அப்போது ஒரு பக்க ஒலி மட்டும் குறையும், குரல் பிசிறும். காந்த வகையைச் சோதிப்பது எளிது: ஒயர்களைக் கழற்றிவிட்டு, சிவப்பு–பச்சை முனைகளிலும் வெள்ளை–நீல முனைகளிலும் மின்தடை அளக்கும் ஓம் மீட்டர் வையுங்கள். இரண்டு ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று அசையவே இல்லையென்றால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. அதற்கு ஊசி வாங்குவது வீண் செலவு. முனைகளில் ஒருபோதும் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளிருப்பது கெட்டுவிடும்.

செத்த கிரிஸ்டலை எடுத்துவிட்டு அதே பெட்டியில் காந்த கார்ட்ரிட்ஜ் போட்டுவிட்டு, சத்தமே வரவில்லை என்று சிலர் வந்தார்கள். கிரிஸ்டல் தருவது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட். காந்த வகை தருவது ஐந்துக்கு அக்கம்பக்கம். இடையில் அந்த மெல்லிய மின்னைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் அது பாடாது.

அடுத்தது, என் மனம் மிகவும் பதறும் விஷயம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுக்கான (78) ஊசி முனையின் ஆரம் 0.003 அங்குலம், அதாவது சுமார் 76 மைக்ரான். நெடுநேரம் பாடும் ஸ்டீரியோ எல்பி தட்டுக்கு 0.0007 அங்குலம், சுமார் 18 மைக்ரான். எல்பி ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில், அழுக்கில் உருளும். பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம் கேட்கும். 78 ஊசியை எல்பியில் வைத்தாலோ தட்டே பாழ். 45 சின்னத் தட்டுக்கு எல்பி ஊசிதான். 78க்கு ஒன்றும் எல்பிக்கு ஒன்றுமாகத் திருப்பிப் போடும் ஊசி உள்ள கார்ட்ரிட்ஜில், நெம்புகோல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சாவி கொடுக்கும் கிராமபோனின் எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. அது மறுபக்கத்துக்கு ஆகாது.

ஆடியோ டெக்னிகா விஎம்95 வரிசையில் ஒரே உடலுக்கு 78 ஊசியும் எல்பி ஊசியும் மாற்றிப் போடலாம். சங்கப் பிளேயருக்கு இதையே பரிந்துரைக்கிறேன். இங்கே நடக்கும் தவறு ஒன்றே: ஊசி தட்டை அழுத்தும் எடையை மாற்ற மறப்பது. எல்பிக்கான விஎம்95இ ஊசிக்கு 2 கிராம், 78க்கான எஸ்பி ஊசிக்கு 5 கிராம். 2 கிராமில் 78 ஊசி துள்ளும். 5 கிராமில் எல்பி ஊசியின் தண்டு அமுங்கிக் கெடும். செராமிக் வகைகள் பெரும்பாலும் 4 முதல் 6 கிராம் கேட்கும். கையடக்க டிஜிட்டல் தராசு வைத்து அளந்து போடுங்கள். ஊசிக் கையின் பின்முனையில் உள்ள எதிர்எடையின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க நல்ல உருப்பெருக்கி வேண்டும். ஊசி முனையில் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுங்கள். புது முனை உருண்டையாகத் தெரியும், ஒளி ஒரே புள்ளியாக மின்னும். தேய்ந்ததில் இருபுறமும் தட்டையாகி, கண்ணாடிச் சில்லு போல இரண்டு பளபளப்புகள் தெரியும். அந்த விளிம்புகள்தான் தட்டைச் சீவுகின்றன. வைரம் நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைக்கும். நீலக்கல் முனைக்கு அந்த ஆயுளில் ஒரு சிறு பங்குதான். வைரம் என்ற பெயரில் நீலக்கல்லும் விற்கிறார்கள், கவனம்.

துடைக்கும்போது பின்னாலிருந்து முன்னால் மட்டும், மென்தூரிகையால். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கு கரைந்துவிடும்.

வரும் ஆண்டுக்கு, சங்கத்துக்கென ஒரு தராசு, ஒரு உருப்பெருக்கி, ஒரு 78 ஊசி வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன். உறுப்பினர்கள் தத்தம் கார்ட்ரிட்ஜ் எண்ணை அலுவலகப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தால், தேவைப்படும் ஊசிகளை ஒன்றாகவே தருவித்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயலாளர்