உதைத்த பந்து எல்லாம் ஒரே வில்லாக வளைவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கால்பந்துப் போட்டி நடக்கும்போதெல்லாம் விளையாட்டுப் பக்கத்தில் கோல் விழுந்த விதத்தைப் படமாக வரைந்து போடுகிறீர்கள். என் மாணவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான், அதற்கு நன்றி. ஆனால் கோல் கிக், ஃப்ரீ கிக், பெனால்டி எதுவானாலும் படத்தில் ஒரே மாதிரி வில் வளைவுதான் இருக்கிறது, ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் அச்சு அசலாகச் சமம். உண்மையில் இந்த மூன்றும் மூன்று விதமான பாதைகள், அந்த வித்தியாசத்தில்தான் ஆட்டமே இருக்கிறது.

பிளஸ் ஒன் பாடத்தில் எறிபொருள் இயக்கம் என்று நாங்கள் நடத்துவது காற்றே இல்லாத உலகத்துக்கான கணக்கு. 1638இல் கலிலியோ அச்சிட்ட பரவளையம்தான் அது, அதாவது ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் சமமான வளைவு. வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 45 டிகிரி கோணத்தில் உதைத்தால் பந்து 64 மீட்டர் போக வேண்டும் என்று சூத்திரம் சொல்கிறது. ஆனால் கால்பந்தின் எடை 410 முதல் 450 கிராம்தான், குறுக்களவோ 22 சென்டிமீட்டர். அவ்வளவு லேசான, அவ்வளவு பெரிய பொருளைக் காற்று சும்மா விடாது. வினாடிக்கு 30 மீட்டரை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய பந்தின் எடை அளவுக்கே வந்துவிடுகிறது. காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுழலாத பந்து என்றால் அந்த 64 மீட்டர் சுமார் 45 மீட்டராகச் சுருங்குகிறது. உச்சி நடுவில் இல்லாமல் விழும் இடத்தை நோக்கித் தள்ளிப்போகிறது, 45 டிகிரியில் ஏறிய பந்து 50 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் இறங்குகிறது. இறகுப்பந்தில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அதே சரிவுதான் இங்கே கொஞ்சம் அடக்கமாக நடக்கிறது.

அதற்காகச் சூத்திரம் வீண் என்று சொல்ல வரவில்லை. 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பெல்கிரேடில், செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியை மெதுவாகத் தூக்கிவிட்டாரே, கோல்கீப்பர் மையர் பாய்ந்துவிட பந்து நடுவில் போய் இறங்கியதே, அது கிட்டத்தட்ட பாடப்புத்தகப் பரவளையம்தான். 11 மீட்டர் தூரம், குறைந்த வேகம், காற்றுக்குப் பெரிதாக வேலையே இல்லை.

சரி, பிரேசில் வீரர் ராபர்ட்டோ கார்லோஸின் ஃப்ரீ கிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஜூன் 3, லியோன் நகரம், பிரான்சுக்கு எதிரான ஆட்டம், கோலிலிருந்து சுமார் 35 மீட்டர். பந்து எதிரணி வீரர்கள் வரிசையாக நின்ற தடுப்புச் சுவருக்கு வலப்பக்கமாக வெகுதூரம் விலகிப் போனது, அந்தப் பக்கம் நின்றிருந்த பந்து எடுத்துக்கொடுக்கும் பையன் தன் மேல்தான் வருகிறது என்று குனிந்தான், அப்புறம் இடப்பக்கம் வளைந்து வலைக்குள் போனது, பிரான்ஸ் கோல்கீப்பர் பார்தெஸ் அசையாமல் நின்றார். இடது காலின் வெளிப்புறத்தால் உதைத்ததில் வந்த சுழற்சிதான் காரணம். சுழலும் பந்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது, 19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த மாக்னஸின் பெயரால் மாக்னஸ் விளைவு என்கிறோம். வேகம் குறையக் குறைய வளைவு இறுகிக்கொண்டே போகும் என்பதால் அவ்வளவு தூரத்திலிருந்து அடித்ததுதான் அந்தக் கோலை அப்படி ஆக்கியது. இருபது மீட்டரிலிருந்து அடித்திருந்தால் கடைசி வளைவு தெரிவதற்குள் பந்து கோலைத் தாண்டியிருக்கும். பக்கவாட்டில் வரைந்த ஒரு வில்லில் இது எதுவும் தெரியாது, மேலிருந்து பார்க்கும் படமும் வேண்டும்.

இன்னொன்று, நேரம். இது எந்தப் படத்திலும் வருவதில்லை. காற்றில்லாத கணக்கில், அதே வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், 30 டிகிரியும் 60 டிகிரியும் ஒரே இடத்தில்தான் பந்தைப் போடும், ஆனால் முன்னது இரண்டரை வினாடியில் விழும், பின்னது நாலரை வினாடி மேலே இருக்கும். அந்த இரண்டு வினாடியில் ஒரு முழு அணி முன்னேறிவிடலாம். கோல்கீப்பர் தாழ்வாக உதைத்தாரா உயரமாக உதைத்தாரா என்பது அவர் அணி வீரர்களுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார் என்பதுதான். மைதானம் இருக்கும் உயரமும் பாதையை மாற்றும். மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது. அங்கே அதே உதை சில மீட்டர் கூடுதலாகப் போகும், ஆனால் வளைவு குறையும். இதையெல்லாம் படத்துக்குக் கீழே இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை வரையும்போது உச்சி எங்கே வந்தது, பந்து எத்தனை வினாடி காற்றில் இருந்தது, எந்தப் பக்கம் சுழன்றது, இந்த மூன்றையும் குறியுங்கள். ஒளிபரப்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலே நேரம் கிடைத்துவிடும். முடிந்தால் இரண்டு கோல்களை ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்,
மதுரை