ஏழுக்கு ஒண்டு: லண்டன் மச்சானுக்கு ஒரு பதில்

டேய் மச்சான்,

சுகமா இருக்கிறியா, மனுசி பிள்ளையள் எல்லாம் எப்பிடி? இங்க நாங்கள் சுகம். அம்மா போன மாசம் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து எங்களோடதான் நிக்கிறா, கண்டிக் குளிர் ஒத்துவரேல்ல எண்டு சொல்லிக்கொண்டே சுவெட்டரும் போட்டுக்கொண்டு பின்னேரத்தில என்னோட இருந்து மட்ச் பாக்கிறா. உன்னையும் விசாரிச்சவ, எப்ப வாறான் எண்டு கேக்கச் சொன்னவ.

சரி விசயத்துக்கு வாறன். உன்ர நீட்டு மெசேஜ் வாசிச்சதில இருந்து பதில் எழுதாம இருக்க மனம் கேக்குதில்ல. ரக்பி எண்டா பதினைஞ்சு எருமைமாடு மற்றப் பக்கம் பதினைஞ்சு எருமைமாட்டோட மோதுது, அதுக்கு நடுவில பந்து எதுக்கு, உங்கட ஆட்டத்தில மெஸ்ஸி மாதிரி ஒருத்தனக் காட்டு பாப்பம் எண்டு கேட்டிருக்கிறாய். அது காணாதெண்டு பிரேசில் ஆதரவாளனான என்னைச் சீண்ட கடைசியில தனி வரியா 7-1 எண்டு போட்டு நாலு சிரிப்பு ஸ்மைலி வேற. ஆர்ஜென்டினாக்காரனுக்கு 2022 கப் வந்த பிறகு வாய் கூடிப்போட்டுதடா.

2014 புட்போல் உலகக் கிண்ண செமியில, பெலோ ஒரிசொன்டேயில ஜெர்மன்காரன் பிரேசில 7-1 எண்டு வெண்டத, அதில ஆறு நிமிசத்துக்குள்ள நாலு கோல் அடிச்சத எந்தப் பிரேசில் ஆளும் மறக்கமாட்டான். நெய்மாருக்கு முதுகில அடி, தியாகோ சில்வாவுக்கு கார்ட், ரெண்டு பேரும் வெளிய, உள்ள நிண்ட பின்வரிசைக்கு ஆர் ஆரப் பிடிக்கிறது எண்டே தெரியேல்ல, அண்டைக்கு அழுத பெடியள நான் பாத்தனான். ஆனா ஏழுக்கு ஒண்டு எண்டா ரக்பி பாக்கிற ஆக்களுக்கு வேற மட்ச்தான் ஞாபகம் வரும், நீ அந்தக் கணக்கால என்னை வெட்ட வெளிக்கிட்டபடியா அதையே உனக்குச் சொல்லுறன்.

2023 ஒக்டோபர் 28, பாரிஸ், ரக்பி உலகக் கிண்ண பைனல், தென்னாபிரிக்காவும் நியூசிலாந்தும். எங்களுக்கு நடுச்சாமம் தாண்டி பன்னெண்டரைக்குத்தான் தொடங்கினது. ரக்பியில பெஞ்சில எட்டுப் பேர் இருப்பினம், வழமையா அதில அஞ்சு பேர் போர்வேட், அதாவது ஸ்க்ரம்முக்குள்ள, ரெண்டு பக்கமும் தோளோட தோள் பூட்டி நிண்டு பந்துக்காகத் தள்ளுற இடத்தில, நிக்கிற ஆக்கள், மூண்டு பேர் பின்னால நிண்டு ஓடுற பெக் லைன் ஆக்கள். தென்னாபிரிக்கா என்ன செய்தவை தெரியுமோ, ஏழு போர்வேட், ஒரே ஒரு பெக். 7-1. ஓடுற ஆக்களில ரெண்டு பேர் விழுந்தா முடிஞ்சுது கதை, எண்டாலும் கடைசி இருவது நிமிசம் புது ஏழு பேர் வந்து தள்ளினா எதிராளி தாங்கமாட்டான் எண்டு நம்பி இறங்கினவை. தொடங்கி நாலு நிமிசம் ஆகேல்ல, அவையின்ர ஹூக்கர் ம்போனம்பி முழங்கால் அடிபட்டு வெளிய போட்டான். பெஞ்சில இன்னொரு அசல் ஹூக்கர் இல்ல, மார்க்ஸ் முதலே காயம்பட்டுப் போனவன். உள்ள வந்தவன் டியோன் பூரி, 37 வயசு, கூட விளையாடினது பிளாங்கர் இடம், அதாவது ஸ்க்ரம்மின்ர ஓரம். பந்து பக்கக் கோட்டால வெளிய போனா திரும்ப உள்ள எறியிற லைன் அவுட்டில ஹூக்கர்தான் பந்து எறியவேணும், ஸ்க்ரம்மில நடுவில தொங்கவேணும், கழுத்துக்கு எல்லாப் பாரமும் அங்கதான் வரும். அந்த மனுசன் முழு மட்சையும் அங்க நிண்டு முடிச்சவன், எறிஞ்ச பந்து சிலது பறிபோச்சு, ஆனா ஒரு இடத்திலயும் பின்வாங்கேல்ல.

முடிவு 12-11. தென்னாபிரிக்கா ஒரு ட்ரை கூட வைக்கேல்ல, அதாவது எதிராளியின்ர கோட்டுக்கு அப்பால பந்தத் தரையில வைக்கேல்ல, பொலார்டின்ர நாலு பெனால்டி கிக் மட்டும்தான். ட்ரை வைச்சது நியூசிலாந்து, போடன் பரட், அதுவும் கப்டன் சாம் கேன் ரெட் கார்ட் வாங்கி 14 பேரா நிண்டு. அதுக்கு முதல் குவாட்டர் பைனல் பிரான்ஸோட 29-28, செமி இங்கிலாந்தோட 16-15. மூண்டு மட்சும் ஒரே ஒரு பொயின்ட்டால. இதை எருமைமாடு எண்டு நீ சொன்னா நான் என்னத்தச் சொல்ல.

இப்ப உன்ர மெஸ்ஸிக் கேள்விக்கு வாறன். அந்த பைனலில ஆட்டநாயகன் பீட்டர்-ஸ்டெப் டு டொய்ட். ட்ரையும் இல்ல, கிக்கும் இல்ல, பந்தோட வாறவனப் பிடிச்சு விழுத்துற டேக்கிள் 28, அவ்வளவுதான். ஜோர்டி பரட் பந்தத் தூக்கி வாற நேரமெல்லாம் இவன் அங்க நிண்டான். என்ன கேட்டா ரக்பியின்ர உயிரே இதுதான், ஸ்கோர் போர்டில பேர் வராத வேலையச் செய்யிறவனுக்கு மைதானம் முழுக்க எழும்பி நிண்டு கை தட்டும். உனக்கு அந்த வேலை கண்ணில படேல்ல, ஏனெண்டா நீ பந்தை மட்டும் பாக்கிறாய், பந்து இல்லாத ஆளப் பார் மச்சான், அங்கதான் ஆட்டம் நடக்குது.

டேக்கிள் எண்டா மோதுறது எண்டு நினைக்கிறாய்தானே, நானும் கம்பஸுக்கு வரேக்க அப்பிடித்தான் நினைச்சு வந்தனான். பேராதனையில சீனியர் ஒராள் பின்னேரம் பின்னேரமா நிண்டு காட்டித் தந்தவர். ஓடி வாறவனுக்குக் கிட்டப் போனதும் காலடியச் சின்னனாக்கவேணும், ஒரு பாதத்த அவன்ட காலுக்குக் கிட்ட ஊண்டவேணும், பிறகுதான் தோள். தலை எப்பவும் அவனுக்குப் பின்பக்கம் போகவேணும், முன்னால போனா அவன்ட முழங்கால் உன்ர கன்னத்தில. கை ரெண்டும் தொடையச் சுத்திப் பூட்டி, கால் ஓட்டம் நிக்காமத் தள்ளவேணும். அவன் விழுந்தவுடன விடவேணும், உருண்டு விலகவேணும், எழும்பவேணும், இல்லாட்டி ரெபரி விசில் அடிச்சு பெனால்டி குடுத்துடுவார். இவ்வளவும் ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ள. ஊரில பந்தடிச்ச இடதுகால் எனக்கு இருந்தபடியா கிக் அடிக்க எடுத்தவங்கள், ஆனா என்னைப் பிடிச்சு வைச்சது இந்த டேக்கிள்தான்.

புட்போல நான் குறைச்சுச் சொல்ல வரேல்ல, அது எங்கட ரத்தத்தில இருக்கிறது. குருநகர், பாசையூர், இளவாலை எண்டு மின்னொளி மட்ச் பாக்கத் திரிஞ்சு வீட்டில பேச்சு வாங்கின ஆக்கள்தானே ரெண்டு பேரும். 2022 பைனல் நடக்கேக்க உனக்கு மத்தியானம் மூண்டு மணி, எனக்கு இரவு எட்டரை, வாட்ஸப் கோலைக் கட் பண்ணாமலே பாத்தம். பிரான்ஸின்ர எம்பாப்பே ரெண்டு நிமிசத்துக்குள்ள ரெண்டு கோல் அடிக்க நீ சத்தமே இல்ல, கடைசி நிமிசத்தில கோலோ முவானி தனிய வந்து அடிச்ச அடிய உங்கட கோல் கீப்பர் மார்டினஸ் இடது காலை நீட்டித் தடுத்தான் பார், பிரேசில்காரன் நானே கதிரையால எழும்பிட்டன். அந்தக் கால் இல்லாட்டி மெஸ்ஸியின்ர கையில கப் இல்ல. அதைத்தான் நானும் சொல்லுறன், டு டொய்ட் செய்ததும் மார்டினஸ் செய்ததும் ஒரே வேலை.

பிறகு பழமை கதைக்கிறாய், புட்போல்தான் மூத்தது எண்டு. ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளையள்தான், ஆனா நாடும் நாடும் விளையாடின கணக்கில முதல் ரக்பி மட்ச் 1871 ல, ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும், எடின்பரோவில. முதல் உத்தியோகபூர்வ புட்போல் மட்ச் 1872 ல, அதே ரெண்டு நாடும், கிளாஸ்கோவில, கோலே இல்லாம 0-0. ஆக சர்வதேச ஆட்டத்தில நாங்கள் உங்களுக்கு ஒரு வயசு அண்ணன், மரியாதையாக் கதை. ரெபரியோட கப்டன் மட்டும்தான் கதைக்கலாம் எண்டு யூரோ 2024 ல கொண்டுவந்தீங்களே, அது ரக்பியில எப்பவோ இருக்கிற பழக்கம். இங்க ஆறரை அடி ஆள் சின்ன மனுசனப் பாத்து சேர் எண்டு சொல்லிட்டு பத்து மீற்றர் பின்னால போவான். அதைப் பாக்கவே எனக்குச் சந்தோசம்.

எங்கட நாட்டு நிலைமைதான் கவலை. 2023 ல பீபாவும் இலங்கையத் தடை செய்தது, உலக ரக்பியும் தடை செய்தது, ரெண்டும் ஒரே வருசத்தில. பெடியள் என்ன பிழை விட்டவங்கள், நிர்வாகச் சண்டைக்கு விளையாடுறவன் தண்டம் கட்டுறான். 2024 செப்டம்பர்ல எங்கட புட்போல் பெடியள் கம்போடியாவ பெனால்டியில வெண்டாங்கள், அண்டைக்கு எனக்குக் கண் கலங்கிட்டுது. அங்க பார்ன்ஸ்லியில விளையாடுற விமல் யோகநாதன் மட்ச் ஒண்டுக்கு உன்ர பெடியனக் கூட்டிக்கொண்டு போ, வேல்ஸில பிறந்து வளந்த எங்கட பிள்ளை இங்கிலாந்து லீக்கில நிக்கிறத அவன் நேரில பாக்கவேணும்.

மகளுக்குப் பதினொரு வயசாச்சு, ரக்பி விளையாடப் போறாளாம். மனுசிக்குத் தலையில அடிபடும் எண்டு பயம், அந்தப் பயம் நியாயம்தான். சாம் கேன்ட தோள் தென்னாபிரிக்கா ஆள் கிரியலின்ர தலையில பட்டதுக்குத்தான் அண்டைக்கு ரெட் கார்ட், பைனல் எண்டு பாக்காம தூக்கினவங்கள், அது சரி எண்டுதான் நான் நிக்கிறன், தலை விசயத்தில தயவு காட்டினா ஒரு தாயும் பிள்ளைய அனுப்பாள். அதால இப்போதைக்கு டேக் ரக்பி, இடுப்பில கட்டின பட்டிய இழுத்தாச் சரி, விழுத்துறது இல்ல. பந்த முன்னுக்கு எறியக்கூடாது, பின்னுக்குத்தான் குடுக்கவேணும் எண்டு அம்மாவுக்கு அவள் விளங்கப்படுத்துறதக் கேட்டா உனக்கும் ஆசை வரும்.

ஓகஸ்ட்ல வாறாய்தானே, வரேக்க அவளுக்கு சைஸ் 4 ரக்பிப் பந்து ஒண்டு வாங்கிக்கொண்டு வா, இங்க நல்லது எடுக்க விலை கூட. 2027 ல ஒஸ்ரேலியாவில உலகக் கிண்ணம், 24 ரீம், பைனல முழுசா என்னோட இருந்து பாக்கவேணும், பாத்து முடிச்சும் எருமைமாடு எண்டு சொன்னா அதுக்குப் பிறகு ஒரு வருசத்துக்கு ஆர்ஜென்டினா ஜெர்சி போட்டுக்கொண்டு கண்டி டவுனுக்குள்ள நான் நடக்கிறன். பந்தயத்துக்குச் சரியோ இல்லையோ எண்டு கெதியா எழுது.

உன்ர
கண்டிக்காரன்