ஜெர்சி சிட்டியிலிருந்து அப்பாவுக்கு

ஜெர்சி சிட்டி
16-2-2014

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, பாட்டி, தம்பி, சித்தப்பா வீட்டில் எல்லோரும் நலமா? மாமரத்தில் பூ நன்றாகப் பிடித்திருப்பதாக அம்மா சொன்னாள். இந்த வருஷம் தத்துப்பூச்சிக்கு நேரத்தோடு மருந்து அடித்துவிடுங்கள். போன வருஷம் பெங்களூராப் பூ பாதிக்குப் பாதி கருகிப்போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இங்கே வியாழக்கிழமை கொட்டிய பனி தெருவோரத்தில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டது. நியூவார்க் அவென்யூவில் இருக்கும் இந்தியக் கடையில் மாவு கிடைக்கிறது. களி கிண்டினால் நம் வீட்டு நிறம் வருகிறது, மணம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் அம்மா 'சாப்பிட்டியா, குளிருதா' என்று கேட்டு முடிப்பதற்குள் நீங்கள் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறீர்கள். இது இங்கே நான் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றிய சேதி. நிதானமாக உட்கார்ந்து படியுங்கள், அப்புறம் சித்தப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பர்கூர் காலேஜில் மூணாவது வருஷம் படித்தபோது ஹாஸ்டலில் ஒரு இங்கிலீஷ் பாட்டு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. 'கால் மீ மேபி' என்று பேர். லீவுக்கு வந்தபோது உங்களுக்குப் போட்டுக் காட்டினேன். நீங்கள் இயர்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டே நம் கூத்து ஆர்மோனியத்தில் அந்த மெட்டைப் பிடித்துவிட்டீர்கள். பிடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "குரல் நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா இது ரூமுக்குள்ள பாடற குரல். களத்துல நின்னு, ஆடிக்கிட்டே, எதிர்ல இருக்கறவனைச் சிரிக்க வெச்சுக்கிட்டே பாடச் சொல்லு, பார்க்கலாம்." நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் அப்போது பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

அந்தப் பாட்டைப் பாடியவள் பேர் கார்லி ரே ஜெப்சன். கனடாவில் மிஷன் என்கிற ஊரில் வளர்ந்தவள். 2007-ல் அங்கே நடந்த டிவி பாட்டுப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். 'கால் மீ மேபி' 2012-ல் அமெரிக்காவில் 9 வாரம் தொடர்ந்து முதலிடத்தில் நின்றது. அப்படிப்பட்டவள் இந்த மாதம் 4-ஆம் தேதி நியூயார்க்கில் பிராட்வே மேடை ஏறிவிட்டாள் அப்பா! சிண்டரெல்லா நாடகத்தில் சிண்டரெல்லாவே அவள்தான்.

பிராட்வே என்றால் டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றி இருக்கிற 40 நாடகக் கொட்டகைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு, ஆட்டம், வசனம், சிரிப்பு எல்லாம் கலந்த நாடகம். வாரத்துக்கு 8 ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. ரெக்கார்டிங்கில் ஒரு வரி பிசகினால் திரும்பப் பாடலாம், இங்கே அது நடக்காது. சேதி வந்ததும் என் வகுப்பில் ஒரு பெண், "கூட்டம் சேர்க்கத்தான் பாட்டுக்காரியைக் கூப்பிடுகிறார்கள்" என்றாள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உங்கள் கேள்வியும் அதுதானே!

நேற்று சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்குப் போனேன். லைப்ரரி வேலையில் சேர்த்து வைத்த காசு. படிப்புக் கடன் பணத்தில் ஒரு டாலர்கூட எடுக்கவில்லை. காலையிலேயே ரயிலில் போய், டைம்ஸ் சதுக்கத்துச் சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற கவுண்டரில் வரிசையில் நின்றேன். அன்றைக்கு மீந்த டிக்கெட்டை அங்கே விலை குறைத்துத் தருவார்கள், சில நாடகங்களுக்குப் பாதி விலைகூட. கால் மரத்துப்போனது, ஆனால் டிக்கெட் கிடைத்தது. கொட்டகையின் பேரே பிராட்வே தியேட்டர், 53-ஆம் தெருவில். பட்டுப்போன்ற சிவப்பு இருக்கையில் ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல் உட்காரலாம். எனக்குக் கிடைத்தது மாடியில் பின் வரிசை.

வாத்தியக்காரர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? நம் தெருக்கூத்து ஜமாவில் நீங்கள் எல்லோரும் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்காருவீர்கள். இங்கே மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம். அதற்குள் வயலினும் எக்காளமும். மாடியிலிருந்து பார்த்தால் நடத்துகிறவரின் தலையும் கையும் தெரியும். அவர் கண் மேடையை விட்டு அகலவே இல்லை. நீங்களும் வாத்தியார் காலைப் பார்த்துக்கொண்டேதானே கட்டையில் கை வைப்பீர்கள், அந்தப் பார்வைதான்.

கதையைச் சொல்கிறேன். அப்பா இறந்து சித்தியிடம் மாட்டிக்கொண்ட பெண். அடுப்புச் சாம்பலில் கிடக்கிறாள். கேட்டால் நல்லதங்காள் மாதிரி அழவைக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை, வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறார்கள். பாட்டுகள் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் என்ற இரண்டு பெரியவர்கள் 1957-ல் டிவிக்காகச் செய்தவை. அப்போது நடித்தவர் ஜூலி ஆண்ட்ரூஸ். போன வருஷம்தான் டக்ளஸ் கார்ட்டர் பீன் என்பவர் வசனத்தைப் புதிதாக எழுதி, முதல்முறையாக பிராட்வேக்கு வந்தது.

சித்தப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாடகத்திலும் ஒரு கட்டியக்காரன் உண்டு! அரண்மனையிலிருந்து வந்து, இளவரசர் விருந்து வைக்கிறார் என்று ஊருக்கு அறிவிக்கிறான். இளவரசர் பேரைச் சொல்ல ஆரம்பித்தால் கிறிஸ்டோபர் ரூப்பர்ட் என்று தொடங்கி முடிகிறதே இல்லை. சித்தப்பா துரியோதன மகாராஜாவின் பட்டப்பேர்களை மூச்சு விடாமல் அடுக்கி, கடைசியில் ஒரு கோணல் பேரைச் சொருகுவாரே, அதே வேலை, அதே சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டியைவிட நான்தான் அதிகம் சிரித்தேன். எட்டாயிரம் மைல் தாண்டி வந்து சித்தப்பாவைப் பார்த்த மாதிரி இருந்தது.

இப்போது கார்லி. விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு வந்தாள். கைதட்டல் எழுந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, எங்கே நின்று கும்பிடு போடுவாளோ என்று. போடவில்லை. விறகை இறக்கி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணாகவே நடந்துபோனாள். அடுப்போரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இந்த மூலை எனக்குச் சொந்தம், இங்கே உட்கார்ந்தால் நான் யாராக வேண்டுமானாலும் ஆகலாம் என்று ஒரு பாட்டு. மெல்ல எடுத்தாள். ஹாஸ்டலில் கேட்ட அந்த லேசான கரகரப்பு அப்படியே இருந்தது. ஆனால் கடைசி வரிசை வரைக்கும் வார்த்தை வார்த்தையாக வந்து விழுந்தது. தலைமுடிக்குள் சின்ன மைக் வைத்திருப்பார்கள், அது எனக்குத் தெரியும். மைக் சத்தத்தைத்தான் கூட்டும் அப்பா. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, சபை சிரித்து முடிக்கும்வரை முகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, சிரிப்பு அடங்குகிற அந்த நொடியில் அடுத்த சொல்லை எடுக்கிற வித்தையை மைக் செய்யாது. அவள் செய்தாள். சிரிப்பு நீண்டால் நின்றாள். குறுகினால் உடனே எடுத்தாள். சபையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே நடித்தாள். புதுசாக வேஷம் கட்டுகிற பையன்களுக்கு வாத்தியார் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுப்பது இதைத்தானே?

சித்தியாக வருகிறவர் ஃபிரான் டிரெஷர். டிவி நகைச்சுவையில் பேர் வாங்கியவர், மூக்கால் பேசுகிற குரல். அவருக்கும் இதுதான் முதல் பிராட்வே, இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அரண்மனையில் ஒருவரை ஒருவர் கேலி செய்கிற ஒரு விளையாட்டு நடக்கிறது. ஆளாளுக்கு அடுத்தவரை மட்டம் தட்டுகிறார்கள். இவள் முறை வருகிறது. எதிரில் சித்தி. இத்தனை நாள் பட்ட பாட்டுக்கெல்லாம் பதில் கொடுக்கலாம். இவளோ சித்தியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்கிறாள். அதுவரை ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்த கொட்டகை கப்பென்று அடங்கியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அந்த உடை மாறுகிற காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். காட்டில் தேவதை வருகிறாள். பூசணிக்காய் வண்டியாகிறது. பொம்மையாகத் தலை நீட்டிக்கொண்டிருந்த நரியும், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட ஒரு பிராணியும் ஆளாகத் துள்ளி வருகின்றன. அதற்குப் பிறகு அவள், சாம்பல் நிறக் கந்தலோடு நம் கண்ணெதிரே ஒரே ஒரு சுற்று சுற்றுகிறாள். திரை இல்லை, இருட்டு இல்லை, யாரும் குறுக்கே வரவில்லை. தோள்பக்கம் துணி ஏதோ அவிழ்வது போலத் தெரிந்தது. சுற்றி நிற்கும்போது வெள்ளை வெளேரென்று தரையைத் தொடுகிற பட்டுக் கவுன், தலையில் கிரீடம். கந்தல் எங்கே போனது? உங்கள் ஜமாவில் துரியோதனன் அரிதாரம் பூசி, புஜக்கட்டை, கிரீடம் எல்லாம் ஏற்றி எழுந்திருக்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். இங்கே ஒரு சுற்று! உடைகளை வடிவமைத்தவர் வில்லியம் ஐவி லாங். இந்த உடைகளுக்குப் போன வருஷம், பிராட்வே நாடகங்களுக்குத் தருகிற டோனி விருது வாங்கினார். ஆனால் அந்தச் சுற்றை அவள்தானே சுற்ற வேண்டும்? பாடிக்கொண்டே, மூச்சு இரைக்காமல், சிரித்த முகத்தோடு சுற்றினாள்.

கண்ணாடிச் செருப்புக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும், பன்னிரண்டு மணிக்கு ஓடும்போது ஒற்றைச் செருப்பு கழன்று விழும். இதில் படியில் செருப்பு விழுகிறது, இளவரசன் நெருங்குகிறான். அவளோ திரும்பி ஓடிவந்து செருப்பை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள்! அங்கேயே திரை. மறுபாதியில் இன்னொரு விருந்து. அந்தத் தடவை அவளே நின்று, யோசித்து, செருப்பைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுப் போகிறாள். வைப்பதற்கு முன்னால் ஒரு கணம் கையில் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். பாட்டு இல்லை, வசனம் இல்லை. நான் மூச்சு விடவில்லை.

வெளியே வந்தபோது பனி திரும்பத் தூற ஆரம்பித்திருந்தது. எனக்குக் குளிரே தெரியவில்லை. அந்த மூலை நாற்காலிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே 33-ஆம் தெரு ரயில் வரைக்கும் நடந்தேன். கார்லி ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பவும் விறகு சுமக்க வேண்டும்.

கொட்டகையில் கொடுத்த புத்தகத்தை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் கொடுத்து, அந்தக் கவுன் எப்படி உள்ளிருந்து வந்திருக்கும் என்று யோசிக்கச் சொல்லுங்கள். அவர் கண்டுபிடித்துவிடுவார். நாற்காலிப் பாட்டைத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு ஆர்மோனியத்தில் வாசியுங்கள், அவன் ரெக்கார்டு செய்து அனுப்பட்டும். அப்புறம், அன்றைக்குச் சொன்னீர்களே களத்தில் நின்று பாடச் சொல்லு என்று, அதற்கு இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைக்குப் பாட்டியைக் கூட்டத்துக்குள் விடாதீர்கள். அம்மாவிடம் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போனேன் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
செல்வி