கதிரை போட்ட ஆண்டு: பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவரான அதிபர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டில் செயற்குழு ஏழு தடவை கூடியது. கூட்டக் குறிப்புகள் கோவையில் இருக்கின்றன, விரும்பியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். கால்கோள் விழா, இல்ல மெய்வல்லுநர் போட்டி, வாணி விழா, ஆசிரியர் தினம் எல்லாம் வழமைபோல நடந்தன. மலசலகூடத்துக்கு இரண்டு கதவு மாற்றினோம். தண்ணீர்த் தாங்கி கழுவப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவற்றை இத்தோடு விடுகிறேன். இந்த முறை சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதி கட்டடத்துக்கும் போகவில்லை, விழாவுக்கும் போகவில்லை. வீட்டுக்காரரும் பாடசாலைக்காரரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கிற விதத்துக்குத்தான் போனது.

மார்ச் மாதத்தில் நடந்தது பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகப் பெயரில்லாமல் சொல்கிறேன். மூன்றாந்தரப் பிள்ளை ஒன்று நாலு நாளாக வீட்டுவேலை செய்யவில்லை. பாடசாலை விடுகிற ஒன்றரை மணிக்கு, கேற்றடியில், மற்றத் தாய்மார் நிற்க, வகுப்பாசிரியர் அந்தத் தாயிடம், “நீர் என்ன, பிள்ளையின்ர கொப்பியைத் திறந்தும் பார்க்கிறேல்லையோ?” என்று கேட்டுவிட்டார். அடுத்த நாள் காலை தகப்பன் மோட்டார் சைக்கிளை வகுப்பு வாசல் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து, கையில் வெண்கட்டியோடு நின்ற ரீச்சரைப் பிள்ளைகளுக்கு முன்னால் ஏசினார். அதற்குப் பிறகு ரீச்சர் இரண்டு நாள் வரவில்லை.

செயற்குழு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டது. தாய் சொன்னது இது: “கொப்பி பார்க்காதது என்ர பிழைதான், அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஆக்களுக்கு முன்னால ‘நீர்’ எண்டு கேட்டது…” ரீச்சர் சொன்னது: “என்ர சொந்தத் தங்கச்சியையும் நான் ‘நீர்’ எண்டுதான் கூப்பிடுறனான். பிழை பிடிக்கிறதெண்டால் என்னைத் தனிய வந்து கேட்டிருக்கலாம். பிள்ளையளுக்கு முன்னால…” இரண்டு பேரும் ஒரே சொல்லில்தான் வந்து நின்றார்கள்: முன்னால.

வேறு ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த ‘நீர்’ சங்கதி முழுதாக விளங்காது. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்துக் கதைக்கிற இடம் யாழ்ப்பாணம். நடுப்படியில் நிற்கும் ‘நீர்’ கணவன் மனைவிக்குள் வந்தால் அன்பு, தமக்கை தங்கைக்குள் வந்தால் உரிமை. அதே சொல் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தால், இன்னார் இன்ன இடத்தில்தான் நிற்கவேண்டும் என்று அளந்து காட்டுகிற மாதிரி இருக்கும். யாருக்கு ‘நீங்கள்’, யாருக்கு ‘நீர்’ என்பதை உடுப்பையும் தொழிலையும் இருக்கிற தெருவையும் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள் என்று ஒரு தகப்பன் பொதுக்கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் சொன்னதில் பிழையில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் இருந்தபிறகு ஒரு ஆசிரியர் எழும்பி, துப்புரவு வேலை செய்கிற அக்காவைப் பெற்றோர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார். அதற்கும் பதில் வரவில்லை.

அன்றைக்கு எடுத்த முடிவு ஒரு வரிதான். பாடசாலை வளவுக்குள் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ‘நீங்கள்’. அதிபருக்கும் அதுதான், காவலாளி ஐயாவுக்கும் அதுதான், மரக்கறிக் கூடையோடு நேரே திருநெல்வேலிச் சந்தையிலிருந்து வருகிற தாய்க்கும் அதுதான். இதைப் பெரிய பலகையில் எழுதி வாசலில் தொங்கவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பலகையில் எழுதினால் பிறகு ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்று அதிபர் மறுத்துவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடுத்தது கதிரை. ஆசிரியரின் மேசையடியில் இருந்தது ஒரே ஒரு கதிரை. சந்திக்க வருகிற பெற்றோர் பக்கத்தில் நின்றுகொண்டு, பிழை செய்த பிள்ளை மாதிரிக் கைகட்டிக் கேட்கவேண்டியிருந்தது. ஒருநாள் முதலாந்தரத்துப் பேரனைப் பற்றிக் கேட்க வந்த அம்மம்மா ஒருவரைக் கண்டேன். முழங்கால் நோ. நிற்க ஏலாமல், பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார். ரீச்சர் மேலிருந்து குனிந்து கதைத்துக்கொண்டிருந்தார். ரீச்சரும் பாவம், அவருக்கு வேறு என்ன வழி? பழைய மாணவர் ஒருவரின் உதவியோடு வகுப்புக்கு இரண்டு பிளாஸ்ரிக் கதிரை வாங்கினோம். வேப்பமரத்துப் பக்க விறாந்தையின் மூலையில் ஒரு மேசையும் போட்டோம். பிள்ளையைப் பற்றிய கதை இனி அங்கேதான், கேற்றடியில் இல்லை. (மெய்வல்லுநர் போட்டிக்கு இரவல் போன கதிரைகளில் ஒன்று கால் உடைந்து திரும்பியிருக்கிறது. எடுத்தவர் யாரென்று இன்னும் தெரியவில்லை.)

நேரம் ஒதுக்குவதுதான் பெரும்பாடாகப் போனது. முதலில் புதன்கிழமை ஒன்று நாற்பதுக்கு என்று வைத்தோம். அரசாங்க உத்தியோகத்தருக்கு அது வேலை நேரம். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் போகும். மாதமொரு சனிக்கிழமை வைப்போம் என்று பெற்றோர் கேட்டபோது, வடமராட்சியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஆசிரியர்கள் தங்களுக்கும் வீடு, பிள்ளைகள் இருப்பதை நினைவூட்டினார்கள். அதுவும் நியாயம். கடைசியில் புதன்கிழமையை அப்படியே விட்டு, முன்னேற்ற அறிக்கை கொடுக்கிற சனிக்கிழமை மட்டும் தவணைக்கு ஒன்று என்று முடிந்தது. பெற்றோரை வரச்சொல்லி அனுப்பும் துண்டிலும் ஒரு மாற்றம். முன்பு “நாளை பெற்றோரை அழைத்து வரவும்” என்று மட்டும்தான் இருக்கும். காரணம் தெரியாமல் அந்த வீட்டில் அன்றிரவு ஒருவருக்கும் நித்திரை வராது. இப்போது காரணம் ஒரு வரியில் எழுதப்படுகிறது.

இரண்டாந்தர ரீச்சர் தானாகவே இன்னொன்று தொடங்கினார். ஏதாவது நல்லதைக் கண்டால் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி விடுகிறார். “இன்றைக்கு ‘ழ’ பிழையில்லாமல் வந்தது” என்று வந்த வரியை ஒரு அப்பம்மா பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினாராம். பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் முறைப்பாடாகத்தான் இருக்கும் என்று பழகிய எங்களுக்கு இது புதிது.

அறிக்கை கொடுக்கிற சனிக்கிழமையில் ஒரு தொல்லை உண்டு. ஆரம்பப் பிரிவு அறிக்கையில் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளைப் பிள்ளை எவ்வளவு அடைந்திருக்கிறது என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டிருப்பார். முழுவதையும் கேட்டுவிட்டுப் பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி: “சரி ரீச்சர், எத்தினையாம் பிள்ளை?” எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வேறு சிலர், “கண்ணை மட்டும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ, நாங்கள் கேட்கமாட்டம்” என்கிறார்கள். ஆசிரியரை நம்புகிறோம் என்று காட்டத்தான் இப்படிச் சொல்கிறார்கள், விளங்குகிறது. ஆனால் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் ஆசிரியர் கை ஓங்க முடியாது. பிள்ளைகளுக்கு எதிரான துன்புறுத்தலை முறையிட 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருப்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை செப்டெம்பர் 15 நடந்தது. வினாக்கள் முன்கூட்டியே வெளியானதாகக் கிளம்பிய பிரச்சினை நீதிமன்றம் வரை போய், பெறுபேறு வர அடுத்த ஜனவரி ஆகிவிட்டது. அந்த நாலு மாதமும் பெற்றோருக்கு யாரில் கோபத்தைக் காட்டுவதென்று தெரியவில்லை. கிட்டத்தில் நின்றவர் வகுப்பாசிரியர். வினாத்தாளை அவர் கண்ணாலும் கண்டதில்லை, ஆனால் ஏச்சு அவருக்குத்தான் விழுந்தது. ஐந்தாந்தரத்து ஆசிரியர்களிடம் சங்கத்தின் சார்பில் இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி வாட்ஸ்அப். வகுப்புக் குழுக்களில் இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒன்றும் போடக்கூடாது, எந்தப் பிள்ளையின் குறையையும் குழுவில் எழுதக்கூடாது என்று மே மாதம் விதி வைத்தோம். அதை முதலில் மீறியவள் இந்த அறிக்கையை வாசிக்கிற நான்தான். இரவு ஒன்பது நாற்பதுக்கு, “நாளைக்கு என்ன சித்திரக் கொப்பியா கொண்டுவரவேணும்?” என்று கேட்டுவிட்டேன். கனடாவிலிருக்கும் தகப்பன் ஒருவரின் கதை வேறு. அவருக்கு மத்தியானம் மூன்றரை, எங்களுக்கு இரவு ஒரு மணி. பிள்ளையின் படிப்போடு அவருக்கிருக்கும் ஒரே தொடுப்பு அந்தக் குழு. விதியைச் சொல்லி அவர் வாயை அடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவர் ரீச்சருக்குத் தனியாகக் குரல்பதிவு அனுப்பலாம், பதில் அடுத்த பாடசாலை நாளில் வரும் என்று ஒழுங்கு செய்தோம்.

யூன் 26, ஆசிரியர்களின் சுகயீன விடுமுறைப் போராட்டத்தன்று, செய்தி பார்க்காத பெற்றோர் பிள்ளைகளோடு வந்து பூட்டிய கேற்றைப் பார்த்துத் திரும்பினார்கள். அன்றைக்குக் குழுவில் எழுதப்பட்ட சில வசனங்களை இங்கே வாசிக்க எனக்கு விருப்பமில்லை. போராடுவது ஆசிரியர்களின் உரிமை. ஆனால் முதல்நாள் ஒரு வரி அறிவித்திருந்தால் அந்த வசனங்களில் பாதி பிறந்திராது என்பது என் அபிப்பிராயம். நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தபோது பாடசாலை விடுமுறை. அப்படியிருந்தும் மூன்று ஆசிரியர்கள் வகுப்புப் பட்டியலை வைத்து வீடு வீடாகத் தொலைபேசி எடுத்து, யார் வீட்டுக்குள் தண்ணீர், யாருடைய புத்தகம் நனைந்தது என்று விசாரித்தார்கள். யூன் மாதம் எழுதியவர்களின் வீடுகளுக்கும் அந்த அழைப்புப் போனது.

சரிவராதவையும் உண்டு. ஆலோசனைப் பெட்டியில் ஆண்டு முழுவதும் விழுந்தவை பெயரில்லாத இரண்டு கடிதமும் ஒரு ரொபித் தாளும். புதன்கிழமைச் சந்திப்புக்கு வந்த தகப்பன்மாரை விரல்விட்டு எண்ணலாம். அலுவலக யன்னல் இன்னும் பாதிதான் திறக்கிறது, வெளியே நிற்பவர் குனிந்துதான் கதைக்கவேண்டியிருக்கிறது. மார்ச் மாதத்துப் பிள்ளை இப்போது நாலாந்தரத்தில். அந்தத் தாயும் ரீச்சரும் கண்டால் தலையாட்டுகிறார்கள், நின்று கதைப்பதில்லை. தகப்பன் மட்டும் ஒருநாள் வந்து, மோட்டார் சைக்கிளை வெளியே விட்டுவிட்டு, விறாந்தைக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

யன்னல் வேலையையும் கால் உடைந்த கதிரையையும் புதிய செயற்குழுவிடம் ஒப்படைத்து, இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்,
பாடசாலை அபிவிருத்திச் சங்கம்,
யாழ்ப்பாணம்.