தகரத்துக்கு ஒரு ஸ்க்ரூ, பிளாஸ்டிக்குக்கு வேற ஸ்க்ரூ

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க. ஈரோட்டுல 20 வருஷமா மிக்ஸி, ஃபேன் சர்வீஸ் பண்றேன். போன வாரம் ஒரு அம்மா மிக்ஸி கொண்டு வந்தாங்க, அடிமூடி ஒரு பக்கமா தொங்குது, கழட்டிப் பார்த்தா உள்ள ஸ்க்ரூ இறங்கற நாலு பிளாஸ்டிக் பில்லர்ல ரெண்டு மேலருந்து கீழ வரைக்கும் பொளந்து கிடக்கு. ரெண்டு ஸ்க்ரூ தொலைஞ்சுபோச்சுன்னு அவங்க பையன் கடையில கேட்டிருக்கான், கடைக்காரர் ஜிப்சம் போர்டு மாட்டற கருப்பு ஸ்க்ரூவ அள்ளிக் குடுத்திருக்கார். அதோட தலைக்கு அடியில புனல் மாதிரி சரிவா இருக்கும், டைட் பண்ணப் பண்ண பில்லர் வாயையே ஆப்பு வெச்ச மாதிரி பொளந்துரும். பையனக் குத்தம் சொல்ல முடியாதுங்க, பாக்கெட்டுல நம்பரும் நீளமும் மட்டும்தான் போட்டிருக்கு.

தகரத்துக்கு வர்ற சாதா செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவுல மரையோட முனைக் கோணம் 60 டிகிரி, அது பிளாஸ்டிக்க பக்கவாட்டுல நெட்டித் தள்ளும், பிளாஸ்டிக்குக்குன்னே வர்றதுல மரை 30 டிகிரிதான், ஒல்லியா, இடைவெளி விட்டு இருக்கும், அதனால பில்லர் மேல அழுத்தம் கம்மி. தலை அடிப்பக்கம் தட்டையா இருக்கணும். பிளாஸ்டிக்குல ஹோல் ஸ்க்ரூ தடிமன்ல சுமார் 80 சதவீதம் இருக்கணும், 3 மி.மீ. ஸ்க்ரூன்னா 2.4 மி.மீ. ஹோல். தகரத்துல 8 நம்பர், அதாவது 4.2 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 1 மி.மீ. ஷீட்டுன்னா 3.2 மி.மீ. ட்ரில் பிட் போட்டா நல்லா பிடிக்கும், ஹோல் பெருசானா சும்மா சுத்திட்டே இருக்கும்.

வீட்டுல கழட்டி மாட்டறவங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. ஸ்க்ரூவ ஹோல்ல வெச்சதும் முறுக்காதீங்க, முதல்ல கழட்டற பக்கமா மெதுவா திருப்புங்க, ஒரு இடத்துல 'டக்'குன்னு லேசா இறங்கும், அதுதான் பழைய மரையோட வாய், அங்கிருந்து கையாலயே டைட் பண்ணுங்க. பேட்டரி ட்ரில்ல வெச்சு ஒரே அழுத்தா அழுத்துனா புது மரை வெட்டும், நாலு தடவைல பில்லர் உள்ள பவுடராயிரும்.

ஸ்க்ரூ தயாரிக்கறவங்க பாக்கெட் மேல இது தகரத்துக்கா பிளாஸ்டிக்குக்கா, எத்தன மி.மீ. பிட் போடணும்னு தமிழ்ல ஒரு வரி அச்சடிக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். மிக்ஸி கம்பெனிக்காரங்களும் புது டப்பாவுல ரெண்டு எக்ஸ்ட்ரா ஸ்க்ரூவ ஒரு சின்ன கவர்ல போட்டுக் குடுங்க. அந்தம்மாவுக்கு அடிப்பாகம் மொத்தமா மாத்த வேண்டியதாப்போச்சு.

இப்படிக்கு,
ஒரு மிக்ஸி மெக்கானிக், ஈரோடு